சைலீனுக்கு முன்னால் நிற்கும் ஜாடி

திசுவிலிருந்து ஆல்கஹாலை எடுத்து மெழுகுக்கு இடம் செய்யும் கிளியரிங் படிக்கு எந்தத் திரவம் நல்லது என்று லேப்புக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். சைலீனா, டொலுயினா, ஆரஞ்சுத் தோலில் எடுக்கும் லிமோனீனா என்று ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். நான் அவர்களை முதலில் சைலீன் ஜாடியிடம் அழைத்துப் போவதில்லை. அதற்கு முன்னால் நிற்கும் கடைசி ஆல்கஹால் ஜாடியிடம்தான் அழைத்துப் போவேன். கிளியரிங் சரியில்லை என்று நம் மேசைக்குத் திரும்பி வரும் பிளாக்குகளில் (திசு பதித்த மெழுகுக் கட்டிகளில்) பெரும்பாலானவை கிளியரிங்கில் கெட்டவை அல்ல. அதற்கு முந்தைய படியில் தண்ணீர் முழுதாகப் போகவில்லை, அவ்வளவுதான். குளிர் நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து, நம் ஊர் ஈரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா களைக்கு மருந்து அடித்தார். ரப்பர் நின்ற இடங்களில் இப்போது செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. ஆனால் பக்கத்திலேயே செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருப்பதால், லேப் படிப்பு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளை இந்த வட்டாரத்தில் அடிக்கடி பார்க்க முடிகிறது. நான் வேலை செய்தது சுங்கைப்பட்டாணியில், ஒரு தனியார் லேப்பின் திசுப் பிரிவில். கிளினிக்குகளிலிருந்தும் சிறிய மருத்துவமனைகளிலிருந்தும் திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் போட்ட துண்டுகள் வரும்: மார்பகக் கட்டி, கருப்பை, தைராய்டு, பித்தப்பை, எண்டோஸ்கோப்பியில் கிள்ளிய குடல் துணுக்கு. அந்தத் துண்டைக் கண்ணாடித் தகட்டில் நான்கு மைக்ரான் தடிமனில் ஒட்டி, சாயம் ஏற்றி, டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புவது எங்கள் வேலை.

கிளியரிங் ஏன் தேவை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திசுவை அவ்வளவு மெல்லியதாகச் சீவ வேண்டுமானால் அதற்குள் ஏதாவது கெட்டியான பொருள் நிறைந்திருக்க வேண்டும். அதற்குத்தான் பாரஃபின் மெழுகு. மெழுகில் பதிக்கும் இந்த முறையை 1869-இல் எட்வின் கிளெப்ஸ் பயன்படுத்தினார், இன்றுவரை உலகம் முழுக்க அதுதான் ஓடுகிறது. மெழுகு தண்ணீரோடு சேராது. அதனால் 70 சதவீதம், 80, 95, பிறகு முழு ஆல்கஹால் (100 சதவீத எத்தனால்) என்று படிப்படியாகத் திசுவிலிருந்து தண்ணீரை எடுக்கிறோம். ஆனால் ஆல்கஹாலும் மெழுகோடு நன்றாகச் சேராது. ஆல்கஹாலோடும் சேர்ந்து மெழுகோடும் சேரக்கூடிய ஒரு திரவம் நடுவில் வேண்டும். அந்த வேலையைச் செய்வது சைலீன். அது ஆல்கஹாலைத் திசுவிலிருந்து வெளியேற்றும், கூடவே கொழுப்பையும் கரைத்து எடுக்கும். பிறகு 60 டிகிரி சூட்டில் உருகிய மெழுகுக்கு இடம் விட்டுத் தானும் வெளியேறும்.

சைலீனுக்குள் போன திசு கண்ணாடிபோல் ஒளி விடுவதற்குக் காரணம் ஒளிவிலகல் எண், அதாவது ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் எண். தண்ணீரின் எண் 1.33, ஆல்கஹாலின் எண் 1.36, சைலீனின் எண் ஏறக்குறைய 1.50. பதப்படுத்திய திசுவின் புரதங்களும் அந்த 1.50-ஐ ஒட்டியே இருக்கின்றன. திசுவுக்கும் சுற்றியுள்ள திரவத்துக்கும் எண் நெருங்கினால் ஒளி சிதறாமல் நேராகப் போய்விடும். இந்தக் காட்சி நமக்கு ஒரு நல்ல சாட்சி. துண்டின் நடுவில் வெள்ளையாக, ஒளி புகாமல் ஒரு திட்டு தெரிந்தால் உள்ளே இன்னும் தண்ணீரோ ஆல்கஹாலோ இருக்கிறது. திரவங்களைத் தானே மாற்றிக்கொள்ளும் மூடிய இயந்திரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதைப் பார்க்க வாய்ப்பே இல்லை. அதனால் பயிற்சிக்கு வருகிறவர்களைக் கையால் ஒருமுறை ஜாடி ஜாடியாக மாற்றிச் செய்யச் சொல்வேன். கண் பழகிவிட்டால் பிறகு பிளாக்கைச் சீவும்போதே எது எங்கே தவறியது என்று கைக்குத் தெரியும்.

இனி அந்த முந்தைய ஜாடி. முழு ஆல்கஹால் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. கெடாவில் செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை மழை கொட்டும் மாதங்களில் காலையில் லேப் கதவைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி வியர்த்திருக்கும். அந்தக் காற்றில் ஆல்கஹால் ஜாடியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு கேசட் (திசுத் துண்டை வைக்கும் சிறு பெட்டி) அடுக்கினால், 100 சதவீதம் என்று எழுதிய லேபிள் அப்படியே இருக்கும், உள்ளிருக்கும் திரவம் 100 சதவீதமாக இருக்காது. அதோடு ஒவ்வொரு கூடை கேசட்டும் முந்தைய ஜாடியிலிருந்து கொஞ்சம் நீர்த்த ஆல்கஹாலைச் சுமந்துகொண்டுதான் வரும். சைலீன் தண்ணீரைச் சிறிதும் ஏற்காது. ஈரம் மிச்சமிருக்கும் துண்டு உள்ளே போனதும் சைலீன் அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கும். கலங்கியதைப் பார்த்ததும் சைலீனைக் கொட்டிப் புதியதை ஊற்றுவதுதான் பலரும் செய்வது. அது காசுக்கும் கேடு, திசுவுக்கும் பயனில்லை. துண்டுகளைத் திரும்ப எடுத்துப் புதிய முழு ஆல்கஹாலில் போட்டு, ஈரம் முழுதும் போன பிறகுதான் மறுபடி புதிய சைலீனுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆல்கஹால் இன்னும் தேறுமா என்று பார்க்க இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, நீரற்ற காப்பர் சல்பேட். வெள்ளைத் தூளாக இருக்கும் அது தண்ணீர் பட்டால் நீலமாகும். கடைசி ஆல்கஹாலில் கொஞ்சம் எடுத்து ஒரு சோதனைக் குழாயில் அந்தத் தூளைப் போட்டுப் பாருங்கள், நிறமே பதில் சொல்லிவிடும். நீலமான தூளைச் சட்டியில் மெதுவாகச் சூடாக்கினால் மறுபடி வெள்ளையாகும், திரும்பப் பயன்படுத்தலாம். இன்னொன்று, சிறிய குழாயில் தூய சைலீனை எடுத்து அதில் சந்தேகப்படும் ஆல்கஹாலைச் சில சொட்டு விடுவது. கலங்கினால் அந்த ஆல்கஹாலுக்கு ஓய்வு கொடுக்கலாம். இவை இரண்டும் காலையில் ஐந்து நிமிட வேலை. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் நான் இதைத் தினமும் செய்தேன், வெயில் காலத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டுச் செய்தேன். ஜாடியை மாற்றும் அட்டவணையைக் காலண்டர் பார்த்து வைக்கக் கூடாது. எத்தனை கேசட் போனது, வானிலை எப்படி என்று பார்த்து வைக்க வேண்டும்.

இதன் கனம் எனக்கு முழுதாகப் புரிந்தது மார்பகத் திசுவில்தான். மார்பகத்தில் கொழுப்பு அதிகம். கொழுப்புக்குள் தண்ணீர் போவதும் வருவதும் மெதுவாக நடக்கும். ஃபார்மலினில் போதிய நேரம் ஊறவில்லை என்றாலோ, துண்டு நான்கு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக வெட்டப்பட்டிருந்தாலோ, ஆல்கஹால் தளர்ந்திருந்தாலோ, சைலீனால் நடுப்பகுதி வரை போக முடியாது. மெழுகும் போகாது. பிளாக்கை மெல்லியதாகச் சீவும் மைக்ரோடோம் கருவியில் வைத்துச் சீவினால் விளிம்பு வரும், நடுவில் கூழாகி ஓட்டை விழும். அந்த நடுப்பகுதியில்தான் கட்டி இருக்கும். தோட்டத்துப் பெண்கள் கட்டியைப் பல மாதம் மறைத்து வைத்து, கடைசியில் மகளோ மருமகளோ இழுத்து வந்த பிறகுதான் டாக்டரிடம் காட்டுவார்கள். அதற்குப் பிறகும் எங்கள் ஜாடியில் ஈரம் இருந்ததால் ரிப்போர்ட் ஒரு வாரம் தள்ளிப் போவது என்னால் ஏற்க முடியாத விஷயம்.

அப்படிக் கூழான பிளாக் வந்தால் தூக்கிப் போட வேண்டாம், காப்பாற்றலாம். மெழுகை உருக்கித் துண்டை வெளியே எடுத்து, சைலீனில் மெழுகைக் கரைத்து, முழு ஆல்கஹாலுக்குத் திரும்பக் கொண்டு போய், பிறகு புதிய திரவங்களில் முழுச் சுற்றையும் மறுபடி ஓட்ட வேண்டும். ஃபார்மலின் போதவில்லை என்று தோன்றினால் இன்னும் பின்னே போய் அங்கிருந்து தொடங்க வேண்டும். இது தாமதம்தான், ஆனால் நோயாளியை மறுபடி கத்தியின் கீழ் படுக்க வைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். எண்டோஸ்கோப்பியில் கிள்ளிய துணுக்காக இருந்தால் இந்த வாய்ப்புகூடக் குறைவு, ஏனென்றால் ஒவ்வொரு முறை சீவும்போதும் அதில் ஒரு பங்கு போய்விடுகிறது.

சைலீனில் குறைவாக இருந்தால் மட்டும் கேடு என்றில்லை, அதிக நேரம் இருந்தாலும் கேடுதான். திசு இறுகிப் போய், சீவும்போது உதிரும், வரிவரியாக விரிசல் விடும். மூளை, மண்ணீரல், நிணநீர் முடிச்சு, இரத்தக்கட்டி ஆகியவை இதில் முதலில் மாட்டும். சிறிய துணுக்குகளைப் பெரிய கருப்பைத் துண்டுகளோடு ஒரே நீண்ட சுற்றில் போடுவது பல லேப்புகளில் பழக்கம். இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது என்பதால் அப்படிச் செய்கிறார்கள். முடிந்தால் துணுக்குகளுக்குத் தனியாகச் சிறிய சுற்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் வேலைக்கு இரவு முழுக்க ஊறவைக்க அவசியமில்லை.

மின்சாரம் போவதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜெராய் மலைப்பக்கம் மாலையில் இடி இறங்கினால் மின்தடை வருவது எங்களுக்குப் புதிதல்ல. கூடை சைலீனில் நிற்கும்போது இயந்திரம் நின்று, காலையில்தான் ஆள் வந்து பார்க்கிறார் என்றால் அந்தக் கூடை முழுதும் இறுகிப் போயிருக்கும். இயந்திரத்துக்கு ஒரு யூ.பி.எஸ். கட்டாயம் கேளுங்கள். தீபாவளி, ஹரிராயா என்று நீண்ட விடுமுறைக்கு முன்னால் தாமதத் தொடக்கம் வைக்கும்போது, காத்திருக்கும் நேரம் முழுதும் ஃபார்மலினில் கழியும்படி வையுங்கள். சைலீனிலோ சூடான மெழுகிலோ காத்திருக்க விடவே கூடாது.

இனி நம் உடம்பு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

அம்மா தோட்டத்தில் மருந்து அடித்த காலத்தில் முகத்தில் கட்டுவதற்கு ஒரு துண்டுத் துணி மட்டும்தான். முதுகில் டேங்கியைச் சுமந்து, பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் சாரலுக்குள்ளேயே நடந்தார். நகங்கள் கறுத்து உதிர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். மலேசியாவில் பாராகுவாட்டை 2002-இல் தடை செய்வதாக அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. அவ்வளவு காலம் ஆனதற்கு ஒரு காரணம், அதை அடித்தவர்களின் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கவில்லை. நாம் படித்துவிட்டோம், வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறோம். அதனால் நாம் சுவாசிப்பது சுத்தமான காற்று என்று அர்த்தமில்லை. சைலீன் புற்றுநோய் உண்டாக்கும் என்று நிறுவப்படவில்லை, அப்படி நிறுவப்பட்டது பென்சீன். ஆனால் சைலீன் நரம்பைத் தாக்கும். தலைவலி, மயக்கம், குமட்டல், கண் எரிச்சல், எதிலும் மனம் பதியாத மந்தம் எல்லாம் அதன் அடையாளங்கள். தோல் வறண்டு வெடிக்கும். உடலுக்குள் போன சைலீன் மீதைல் ஹிப்யூரிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் வெளியேறும், அதை அளந்து ஒரு தொழிலாளி எவ்வளவு சுவாசித்திருக்கிறார் என்று கணக்கிட முடியும்.

மூக்கை நம்பாதீர்கள். சைலீன் மணம் மிகக் குறைந்த அளவிலேயே தெரியும், ஆனால் சிறிது நேரத்தில் மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து வருகிற டெலிவரித் தம்பி முகம் சுளித்தால், அவருடைய மூக்கைத்தான் நம்ப வேண்டும். சைலீன் ஆவி காற்றைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகக் கனமானது, அதனால் கீழேதான் இறங்கி மேசை ஓரத்திலும் தரையிலும் தங்கும். கூரைக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிட்டுக் காற்றோட்டம் இருக்கிறது என்று எழுதி வைத்த அறைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஃபேன் ஆவியை நம் மூக்கு வழியாக மேலே இழுத்துத்தான் வெளியே அனுப்பும். சாயமேற்றும் வரிசையும், ஸ்லைடின்மேல் கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடியை ஒட்டும் இடமும், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் மேசையின் பின்பக்கத்திலிருந்து, தாழ்வாக உறிஞ்சும் அமைப்பு வேண்டும்.

நம் வெயிலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சைலீன் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை அதன் வகையைப் பொறுத்து 27 முதல் 32 டிகிரி வரை. குளிர் நாட்டில் இதை ஒரு தகவலாகப் படித்துவிட்டுப் போகலாம். நமக்கு அது மார்ச் மாத மதிய நேரத்து அறை வெப்பம். ஏர்கோன் பழுதாகி நிற்கிற நாளில் திறந்திருக்கும் ஒரு சைலீன் ஜாடி, ஒரு தீப்பொறிக்காகத்தான் காத்திருக்கிறது. ஏர்கோன் நின்றால் சைலீன் வேலையையும் நிறுத்துங்கள், ஜாடிகளை மூடுங்கள், சூடான மெழுகு அடுப்பைத் தள்ளி வையுங்கள். கையிருப்பு உலோக அலமாரியில் இருக்கட்டும். லேப்பில் பெரிய டிரம் வேண்டாம், அன்றைக்குத் தேவையானதை மட்டும் கொண்டு வாருங்கள்.

கையுறை விஷயத்தில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் குறிப்பாகக் கேட்க வேண்டும். ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ் கையுறை சைலீனுக்குச் சிறிதும் தாங்காது. அது உப்பி, மென்மையாகி, சைலீனைத் தோலுக்கு அனுப்பிவிடும், கையுறை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் நாம் கவனிக்கவும் மாட்டோம். நைட்ரைல் கையுறை திடீரென்று தெறிப்பதை மட்டும் சில நிமிடம் தடுக்கும், தெறித்தால் உடனே கழற்றிப் புதியது போட வேண்டும். ஜாடி மாற்றுவது, சிந்தியதைத் துடைப்பது போன்ற நீண்ட வேலைக்கு ‘விட்டான்’ (Viton) என்ற செயற்கை ரப்பர் ரகக் கையுறை வேண்டும், விலை அதிகம்தான். பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) கையுறையும் சைலீனைத் தாங்கும், ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

இவற்றை முதலாளியிடம் கேட்க நமக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு இரசாயன விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) என்ற எல்லையைச் சைலீனுக்கு வைத்திருக்கின்றன. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வைத்து இரசாயன அபாய மதிப்பீடு செய்ய வேண்டியது முதலாளியின் கடமை. அந்த அறிக்கையைப் பார்க்கக் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். கருவுற்றிருக்கும் தங்கைகள் தயங்காமல் மேற்பார்வையாளரிடம் சொல்லி, சைலீன் மேசையிலிருந்து மாறிக்கொள்ளுங்கள். சைலீன் நஞ்சுக்கொடியைத் தாண்டும்.

அப்படியென்றால் சைலீனையே விட்டுவிடலாமே என்ற கேள்வி வரும். மாற்றுத் திரவங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பென்சீன் பழைய புத்தகங்களில் இருக்கிறது, அதை நினைக்கவும் வேண்டாம். டொலுயின் சைலீனைவிடக் கொஞ்சம் மென்மையானது, திசுவை அவ்வளவாக இறுக்காது, ஆனால் சைலீனைவிட எளிதில் தீப்பிடிக்கும், ஆவியும் அதே அளவு கெட்டது. குளோரோஃபார்ம் தீப்பற்றாது, தடித்த துண்டுகளுக்கும் இளகிய திசுவுக்கும் நல்லது. ஆனால் வேலை மெதுவாக நடக்கும், கல்லீரலுக்குக் கேடு, சூட்டில் சிதைந்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். அது கனமான திரவம் என்பதால் திசு மிதக்கும், எப்போது வேலை முடிந்தது என்று பார்வையால் தெரியாது. தேவதாரு எண்ணெய் திசுவுக்கு மிக இதமானது, பல நாள் விட்டு வைத்தாலும் இறுகாது. ஆனால் விலையும் நேரமும் தினசரி வேலைக்கு ஒத்துவராது.

லிமோனீன் ஆரஞ்சுத் தோலிலிருந்து வருவது. தீப்பற்றும் வெப்பநிலை 48 டிகிரிக்குப் பக்கம், அந்த வகையில் நம் வெயிலுக்குப் பாதுகாப்பு. முதல் நாள் மணம் பிடிக்கும், ஒரு வாரத்தில் தலை வலிக்கும். காற்றுப்பட்டால் அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடும், கெட்ட லிமோனீன் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். சைலீனைவிடவும் தண்ணீரைப் பொறுக்காது. ஆகவே ஈரமான ஆல்கஹாலை வைத்துக்கொண்டு லிமோனீனுக்கு மாறுகிற லேப், முன்பைவிட மோசமான பிளாக்கைத்தான் பெறும். பிறகு லிமோனீன் சரியில்லை என்று பழியை அதன்மேல் போடுவார்கள்.

எண்ணெய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரிகளில் தேங்காய் எண்ணெயைச் சைலீனுக்குப் பதிலாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், நல்ல பலன் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் லேப்பிலும் மிச்சமிருந்த கருப்பைத் திசுவில் முயன்று பார்த்தோம். முதல் தடை நம் ஏர்கோன்தான். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உறையத் தொடங்கும், இரவில் அறை குளிர்ந்ததும் ஜாடி முழுக்க வெள்ளைக் கட்டி. சூடாக வைத்தால் உருகும், ஆனால் அதற்கு ஒரு அடுப்பு தனியாக வேண்டும். இரண்டாவது, எண்ணெய் ஆவியாகாது. சைலீன் மெழுகுத் தொட்டியில் பெருமளவு ஆவியாகிப் போய்விடும், எண்ணெய் அங்கேயே தங்கி மெழுகை இளக்கும். மெழுகை அடிக்கடி மாற்றாவிட்டால் பிளாக் கெட்டியாக வராது. குளிர்ந்த எத்தனாலோடு எண்ணெய் சரியாகக் கலக்காது என்பது மூன்றாவது. கடைசி ஆல்கஹாலாக ஐசோபுரோபைலை வைத்து, இரண்டையும் சூட்டில் வைத்தபோது நிலைமை மேம்பட்டது. சாயம் ஏறிய ஸ்லைடு பார்க்க நன்றாகவே இருந்தது. மாணவர் லேப்புக்கும், ஃபியூம் ஹூட் வாங்க வசதியில்லாத பள்ளிக்கும் இது நல்ல வழி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நோயாளியின் திசுவுக்கு, உங்கள் லேப்பிலேயே பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்டு டாக்டரும் ஒப்புக்கொண்ட பிறகுதான்.

செம்பனை ஆராய்ச்சியில் இருக்கும் என் தோழிக்கும் இதே உறையும் சிக்கல்தான். தாவரத் திசுவுக்கு அவர்கள் டெர்ஷியரி பியூட்டைல் ஆல்கஹால் வரிசையைப் பயன்படுத்துகிறார்கள். அது தண்ணீரையும் எடுக்கும், மெழுகோடும் சேரும், திசுவை இறுக்காது. ஆனால் 25 டிகிரியில் கட்டியாகிவிடும். ஏர்கோன் அறையில் வேலை செய்யும்போது அவள் ஜாடியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி வைக்கிறாள். செம்பனை ஓலையில் இருக்கும் சிலிக்கா அவளுடைய கத்தியை மழுக்குவது தனிக் கதை.

பெரிய லேப்புகளில் சைலீன் இல்லாத வழியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் அதன்பின் மினரல் ஆயில் கலவையும் வந்திருக்கின்றன. அதற்கு வெற்றிட வசதியுள்ள இயந்திரம் வேண்டும், அது இருந்தால் யோசிக்கத் தக்கது. இயந்திரத்துக்கு வெளியே, ஸ்லைடில் மெழுகை நீக்கும் படியில்தான் ஆவி நம் முகத்துக்கு நேரே வருகிறது. அங்கே பாத்திரம் கழுவும் திரவத்தை 1.7 சதவீதமாகக் கலந்து 90 டிகிரி சூட்டில் மெழுகை நீக்கும் முறை உண்டு. ஹெமடாக்ஸிலின், ஈயோசின் சாயத்துக்கு அது வேலை செய்கிறது. சைலீன் பயன்பாட்டைப் பாதியாவது குறைக்க நினைப்பவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

சாயமேற்றிய பின் கவர்ஸ்லிப் ஒட்டும் முன்பும் சைலீன் வருகிறது. டி.பி.எக்ஸ். பசை அதில்தான் கரைந்திருக்கிறது, அதன் ஒளிவிலகல் எண் 1.52. இங்கேயும் கடைசி ஆல்கஹாலில் ஈரம் இருந்தால் ஸ்லைடில் பால்படலம் தெரியும், மைக்ராஸ்கோப்பில் அணுக்கரு மங்கும். பசையை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை, ஆல்கஹாலை மாற்றுங்கள். மேசைக்கு மேலே மின்விசிறி சுழன்றால் சைலீன் வேகமாக உலர்ந்து, கவர்ஸ்லிப் விழுமுன் திசுவுக்குள் காற்று புகுந்துவிடும். அணுக்கருக்களின்மேல் பழுப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த ஸ்லைடைச் சைலீனில் ஊறவைத்து, கவர்ஸ்லிப்பை அகற்றி, ஆல்கஹாலுக்குத் திரும்பக் கொண்டு போய் மறுபடி ஒட்டலாம். விசிறியை அந்த நேரத்துக்கு நிறுத்தி வையுங்கள்.

பயன்படுத்திய சைலீன் சிங்க்குக்குள் போகக் கூடாது. அது தண்ணீரைவிட லேசானது, வடிகாலில் மேலே மிதந்து போய்ச் சேருமிடம் எங்கள் பக்கம் மெர்போக் ஆறு, அங்கே அலையாத்திக் காடும் மீனும் இறாலும் இருக்கின்றன. 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் சைலீன் கழிவின் குறியீடு எஸ்.டபிள்யூ. 322. குளோரோஃபார்ம் ஹாலஜன் உள்ளது, அதற்கு எஸ்.டபிள்யூ. 323. இரண்டையும் ஒரே டிரம்மில் ஊற்றாதீர்கள். டிரம்மில் குறியீடும் தொடங்கிய தேதியும் எழுதி ஒட்டுங்கள், 180 நாளுக்குள் உரிமம் பெற்ற நிறுவனம் வந்து எடுத்துப் போக வேண்டும். காலி ஜாடியைக் கழுவுவது, டிரம்மை நகர்த்துவது, தரையில் சிந்தியதைத் துடைப்பது எல்லாம் பெரும்பாலும் துப்புரவு வேலைக்கு வரும் அக்காக்களின் கையில்தான் விழுகிறது. லேப்பில் இரசாயனப் பயிற்சி நடக்கும்போது அவர்களையும் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். தமிழோ மலாயோ நேபாளியோ, அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். உங்களுக்கு வாங்கும் அதே கையுறையை அவர்களுக்கும் வாங்கச் சொல்லுங்கள்.